வெறுங்கல் ஓட்டியவர்

அவர் வீட்டுக் கூரையில் சோலார் பலகை போடப் போன முதல் நாளே எங்கள் ஏணி காலை வாரிவிட்டது. கொக்கி உடைந்து பாதியில் சிக்கிக்கொண்டது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. அவர் வீட்டுக் கார் போர்ச்சில், சுவரோரமாகப் பளபளவென்று ஓர் அலுமினிய ஏணி சாய்ந்திருந்தது. அவர் ஏணி, அவர் கூரை, அவருடைய வேலை. "அண்ணே, அந்த ஏணிய எடுத்துக்கவா?" என்று கேட்டேன்.

ஏணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தேஞ்சிரும் தம்பி" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நாங்கள் சுங்கை பட்டாணிக்குத் திரும்பிப் போய் வேறு ஏணி எடுத்துக்கொண்டு வந்தோம். அரைநாள் வேலை வீணாய்ப் போனது. நாங்கள் திரும்பி வந்தபோது அவர் அந்த ஏணிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், ஏதோ வயசுக்கு வந்த பெண்ணுக்குக் காவல் இருப்பதுபோல.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. மரியாதைக்காக அல்ல. தன் பெயரை நாலு பேர் வாயில் போட்டு மென்றால் அதுவும் தேய்ந்துபோகும் என்று கவலைப்படக்கூடிய மனிதர். போய்ச் சேர்ந்த பிறகாவது நிம்மதியாக இருக்கட்டும்.

வயரிங் வேலையும் சோலார் வேலையுமாகக் கெடா மாநிலத்தில் நான் ஏறாத கூரை குறைவு. விதவிதமான கஞ்சர்களைப் பார்த்திருக்கிறேன். கஞ்சனிடம் ஒரு நியாயம் உண்டு, அவனுக்குக் காசு மிச்சமாகிறது. இவர் அந்த ரகமே இல்லை. காசு விஷயத்தில் ரொம்ப ஒழுங்கு. எங்கள் கம்பெனிக்குக் கொடுக்கவேண்டியதைப் பேரம் பேசாமல் ஒரே தடவையில் கொடுத்தார். அவருக்குத் தாங்காதது வேறொன்று. தன்னுடைய பொருள் இன்னொருவருக்குப் பயன்பட்டுவிடக் கூடாது. நஷ்டமே இல்லாவிட்டாலும் கூடாது.

ஒரு காலத்தில் லோரி வைத்திருந்தவர். பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றி ஆலையில் கொண்டுபோய்க் கொட்டுவார். திரும்பும்போது லோரி காலியாகத்தான் வரும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வெயிலில் நடந்து வருவார்கள், கைகாட்டுவார்கள். நிறுத்த மாட்டார். கேட்டால் பதில் தயார். "சீட்டு தேஞ்சிரும்."

லோரியை விற்றுவிட்டு, சுங்கை லாலாங்கில் செம்பனைக் காட்டை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் கடைசி வீட்டில் இருந்தார். மனைவி இல்லை. ஒரே மகன் ஜொகூரில். வீட்டு வாசலில் ஒரு ரம்புத்தான் மரம். பழுக்கிற காலத்தில் மரத்தையே வலையால் மூடிவிடுவார். அணிலுக்கும் கிடையாது, ஆளுக்கும் கிடையாது. அவருக்கோ சர்க்கரை வியாதி. பழம் வலைக்குள்ளேயே அழுகி விழும். கூட்டி அள்ளிக் கொண்டுபோய்க் குப்பையில் போடும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும் பாருங்கள், விருந்து வைத்து முடித்தவனுக்குக்கூட அப்படி இருக்காது.

பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பார். வந்தவர்கள் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகவேண்டும். நமக்குப் போன் அடித்தால் ஒரு தடவை மணி கேட்டதும் வைத்துவிடுவார், நாம்தான் திரும்ப அழைக்கவேண்டும். கோயிலில் அவர் கும்பிடுவதை ஒருமுறை கவனித்தேன். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. தேய்ந்துவிடும் என்றுதான் இருக்கவேண்டும்.

அடுத்த வீடு அவருடைய தங்கச்சியின் வீடு. அவர்கள் குடும்பம் இருந்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அண்ணன் தங்கச்சி இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் வீடு கிடைத்தது. புருஷன் இறந்தபிறகு அந்த அக்கா இட்லி மாவு அரைத்து விற்றே மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர். போர்ச்சில் மூன்று பெரிய கிரைண்டர்கள். காலையில் ஊறப்போட்டு, வீட்டு வேலையை முடித்துவிட்டு, நடுப்பகலில் அரைக்க ஆரம்பிப்பார். பொழுது சாய்வதற்குள் மாவு பெடோங்கில் இருக்கிற சாப்பாட்டுக் கடைகளுக்குப் போய்விடும்.

நாங்கள் அண்ணன் வீட்டுக் கூரையில் வெந்துகொண்டிருந்தபோது, கீழே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "தம்பிங்களா, எறங்கி வந்து தோச சாப்ட்டுப் போங்கலா" என்று கூப்பிட்டது அந்த அக்காதான். யார் வீட்டு வேலைக்கு யார் சோறு போடுவது என்று கூச்சமாக இருந்தது. ஆனால் பசி கூச்சத்துக்குக் காத்திருக்கவில்லை. தோசை ஊற்றிக்கொண்டே கதையைச் சொன்னார்.

"எம்மவ கல்யாணத்துக்கு நாக்காலி மேச எல்லாம் டேவான் மண்டபத்துக்குக் கொண்டுட்டுப் போவணும். அண்ணே, லோரிய ஒரு நட விடுங்கன்னு கேட்டேன். லோரி ரோசாக்கு, ஓடாதுன்னாரு. செரி, ரோசாக்குதான் போலன்னு வேற லோரி புடிச்சேன். கல்யாணத்தன்னைக்குக் கெளம்பி வாசலுக்கு வர்றேன், இவரு லோரியக் கழுவி மாலையப் போட்டு வாசல்ல நிப்பாட்டி வெச்சிருக்காரு. லோரி கல்யாணத்துக்குப் போவுது, சாமான் ஏத்தாம. அதுலேர்ந்து பேச்சு இல்ல."

"மால எதுக்குக்கா?"

"தாய்மாமன் லோரி இல்லையா" என்றார். இத்தனைக்கும் அந்த அக்கா அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

சோலார் வேலை முடிந்தது. சுவரில் இன்வெர்ட்டரை மாட்டி, பச்சை விளக்கு எரிவதைக் காட்டி, எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினேன். வெயில் அடிக்கும்போது உங்கள் வீட்டுக்கு வேண்டியதை இது கொடுக்கும், மிச்சம் வெளியே போகும், வெளியே போனதைக் கரண்டு கம்பெனி உங்கள் பில்லில் கழித்துக்கொள்ளும் என்றேன். எல்லாருக்கும் இத்தோடு போதும். இவர் கேட்டார், "வெளிய போவுதுன்னா, எங்க போவுது?"

"கம்பத்துக் கம்பிக்கு."

"அங்கேர்ந்து?"

"பக்கத்துல யாரு சுவிச்சப் போட்டிருக்காங்களோ அங்க. பெரும்பாலும் அடுத்த வூட்டுக்குத்தாண்ணே."

அதைச் சொன்ன அந்த நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று கிரைண்டரும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். முகம் மெதுவாகக் கறுத்தது. கரண்டு ஏதோ தலைநகரத்தில் இருக்கிற பெரிய ஆபீசுக்குத் திரும்பிப் போகிறது என்று நினைத்திருந்தார் போலும்.

"என் கூரையில வர்றது அவ கல்லச் சுத்துதா?"

"உங்களுக்கு நஷ்டம் இல்லண்ணே. நீங்க விட்டதுக்கு உங்க பில்லுல கழிச்சிருவாங்க. அவங்க எடுத்ததுக்கு அவங்க பில்லுல கட்டிருவாங்க."

"காசு வேற தம்பி. பொருளு வேற" என்றார்.

அவர் வாழ்க்கையில் பேசிய ஒரே தத்துவம் அதுவாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து நடுப்பகலானால் சன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு ஏர்கோனைப் போட்டார். வீடு குளிரவேண்டும் என்பதற்காக அல்ல. அடுத்த வீட்டுக்கு ஒன்றும் போய்விடக் கூடாது. ஆனால் ஏர்கோன் எவ்வளவுதான் தின்னும்? அதுவும் தேயும் அல்லவா? கிரைண்டர்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நகராட்சிக்குப் போய், அடுத்த வீட்டில் மிஷின் சத்தம் தாங்கவில்லை, குடியிருக்கிற வீட்டில் வியாபாரம் நடக்கிறது என்று புகார் கொடுத்துவிட்டு வந்தார். அத்தனை வருஷம் கேட்காத சத்தம். ஆபீசர்கள் வந்து பார்த்தார்கள். வீட்டிலேயே தொழில் செய்ய அனுமதி வாங்கலாம், ஆனால் அதற்கு இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். ஒரு பக்கத்து வீட்டு மலாய்க்காரர் அங்கேயே போட்டுவிட்டார். "காக்காக் பூன்யா தோசே செடாப்" என்று அக்கா தோசையின் ருசிக்குச் சான்றிதழும் கொடுத்தார். இன்னொரு பக்கம் அண்ணன். அவர் கதவைத் திறக்கவில்லை.

கிரைண்டர்கள் நின்றன. தேயும் என்று அவர் ஏர்கோனையும் நிறுத்திவிட்டார். பெடோங்கில் ஒரு பாய் தன் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். இரண்டு கிரைண்டருக்குத்தான் இடம் இருந்தது. மூன்றாவதை அக்கா பழைய சாமான் கடையில் போட்டார். முட்டி தேய்ந்த பெண்பிள்ளை (இது நிஜமாகவே தேய்ந்தது) தினமும் விடியற்காலையில் அரிசிச் சட்டியோடு மோட்டார்சைக்கிளில் பெடோங் போய்வர வேண்டியதாயிற்று. இப்படியே போனால் மாவுத் தொழிலை விட்டுவிட வேண்டியதுதான் என்று என்னிடம் சொன்னார். அவருக்கு வேறு தொழில் தெரியாது. கூட இருந்து செய்ய வேறு ஆளும் கிடையாது.

கடவுள் இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் வோல்டேஜ் இருக்கிறது. கிரைண்டர் நின்ற அதே வாரம் அவருடைய இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

போன் ஒரு தடவை அடித்து நின்றது. திரும்ப அழைத்தேன். "ஒன் பொட்டி வேல செய்யலே." போய்ப் பார்த்தேன். காலையில் நன்றாக ஓடுகிறது. வெயில் உச்சிக்கு வந்தால் நின்றுவிடுகிறது. பொழுது இறங்கினால் மறுபடி ஓடுகிறது. வயரைப் பார்த்தேன், பலகையைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. கம்பெனி வேறு இன்வெர்ட்டரைக் கொடுத்தது. அதுவும் உச்சிப்பொழுதில் நின்றது. வெயில் கொட்டுகிற நேரத்தில் சோலார் தூங்குகிறது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி தேய்ந்துவிட்டேன்.

கடைசியில் கரண்டு கம்பெனியிலிருந்து ஒரு மலாய்க்காரர் மீட்டரோடு வந்தார். கம்பத்தில் அளந்தார், வீட்டில் அளந்தார், தாமானை ஒரு சுற்று நடந்தே பார்த்துவிட்டு வந்தார். "தெங்ஙா ஹாரி சியாப்பா பாகாய் லெட்ரிக் சினி?" என்று கேட்டார். நடுப்பகலில் இங்கே கரண்டு பயன்படுத்துகிறவர் யார் என்று.

யார் இருக்கிறார்கள்? எல்லாரும் பேக்டரிக்குப் போய்விடுகிறார்கள். வீடுகளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன.

அவர் பொறுமையாக விளக்கினார். இது நீளமான லைன், ஒல்லியான கம்பி, உங்களுடையது கடைசி வீடு. முன் வரிசையில் வேறு சிலரும் சோலார் போட்டிருக்கிறார்கள். எல்லாரும் வெயில் நேரத்தில் கம்பிக்குள் தள்ளுகிறீர்கள். எடுக்க ஆள் இருந்தால்தான் தள்ள முடியும். பக்கத்தில் எடுக்க ஆள் இல்லாமல் தள்ளினால் கம்பியில் வோல்டேஜ் ஏறும். ரொம்ப ஏறினால் வீட்டுச் சாமான்கள் எரிந்துபோகும், அதனால் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுகொள்கிறது. பெட்டியில் கோளாறு இல்லை. தடித்த கம்பி மாற்ற எழுதிப் போடுகிறேன், வரிசையில் உங்களுக்கு முன்னால் நிறைய இடங்கள் இருக்கின்றன, நாளாகும். இப்படிச் சொல்லிவிட்டு அவரே ஒரு கேள்வியும் கேட்டார். முன்னே நன்றாக ஓடியது என்கிறீர்களே, நடுவில் என்ன மாறியது?

நான் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். காலியான போர்ச். தரையில் மூன்று கிரைண்டர் நின்ற இடத்தில் வட்ட வட்டமாக வெள்ளைக் கறை. திரும்பிப் பார்த்தால் அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். புரியாமல் இல்லை. இத்தனை நாள் அவர் கூரை ஓடியதே தங்கச்சி எடுத்துக்கொண்டதால்தான். அவள் வாங்கிக்கொள்ளாவிட்டால் இவரால் கொடுக்கவும் முடியாது.

மலாய்க்காரர் போனபிறகு சொன்னேன். "அண்ணே, கோளாறு என்னான்னு தெரிஞ்சி போச்சி. அந்தக் கையெழுத்தப் போட்டுருங்க. அக்கா மத்தியானத்துல அரச்சாங்கன்னா உங்க பொட்டி நிக்காது. அவங்களும் பெடோங்குக்கு அலைய வேணாம். ரெண்டு பேருக்கும் ஆச்சு."

அவர் அந்த வெள்ளைக் கறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு கையெழுத்துல கை தேஞ்சிராதுண்ணே."

அதற்கும் சிரிக்கவில்லை. ஆனால் "பாக்கலாம்" என்றார். அவர் வாயில் "பாக்கலாம்" வந்ததே ஓர் அதிசயம் என்று நினைத்துக்கொண்டேன். மனுசன் உள்ளுக்குள் அசைந்துவிட்டான், நாலு நாள் மானத்தோடு மல்லுக்கட்டிவிட்டுப் போட்டுவிடுவான் என்று நம்பினேன். அக்காவிடமும் சொன்னேன். "போடுவாராங்கிற?" என்று கேட்டார். "போடுவாருக்கா, வேற வழி இல்ல" என்றேன். அக்கா அந்த வெள்ளைக் கறைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மறுபடி மிஷின் வருவதற்கு இடம் சுத்தம் செய்கிற மாதிரி.

கொஞ்ச நாள் கழித்துப் போன் ஒரு தடவை அடித்தது. "ஓடுது. வந்து பாத்துட்டுப் போ" என்றார்.

நல்ல வெயில். தெருமுனையில் திரும்பும்போதே கிரைண்டர் சத்தம் கேட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அவரைப் பற்றி நினைத்ததையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயாராக, வேனை நேராக அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினேன். போர்ச் காலியாக இருந்தது.

சத்தம் அண்ணன் வீட்டிலிருந்து வந்தது.

அவருடைய போர்ச்சில் ஒரு பழைய பெரிய கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறுங்கல். கல்லும் கல்லும் உரசிக் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இரண்டு மின்சாரக் கெண்டிகளில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கொதித்ததும் ஒன்றை எடுத்து வாய்க்காலில் கொட்டிவிட்டு, மறுபடி பச்சைத் தண்ணீரை ஊற்றிச் சுவிட்சைப் போட்டார். அத்தனை வெந்நீர் கொதிக்கிறது, எனக்கு ஒரு தே ஓ, வெறும் தேத்தண்ணி, போட்டுக் கொடுக்கத் தோன்றவில்லை.

"பாத்தியா" என்று சுவரைக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. உண்மைதான். வருகிற கரண்டில் பெரும்பங்கை வீட்டுக்குள்ளேயே எரித்துவிட்டால் கம்பிக்குப் போவது குறைவு, வோல்டேஜும் ஏறாது. வழி கண்டுபிடித்துவிட்டார். யாருக்கும் கொடுக்காமல் இருக்க ஒரு வழி.

"இது எங்கண்ணே வாங்குனீங்க?"

"பெடோங்ல, பழைய சாமான் கடையில. தேஞ்சாத் தேயுது, பழசுதான."

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரிந்தது. அக்கா. பெடோங்கிலிருந்து வந்தவர் தலைக்கவசத்தைக்கூட முழுசாகக் கழற்றவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கிரைண்டர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கீச்சென்று கத்தும். அதைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார்.

"அது என் கல்லு" என்றார், என்னைப் பார்த்து.

உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பேசினில் ஊறிய அரிசி. கண்ணில் இருந்ததைக் கண்ணீர் என்று சொல்ல முடியாது, கோபம் என்றும் சொல்ல முடியாது. பிள்ளையை யாரோ அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் முகம் எப்படி இருக்கும், அப்படி. வருஷக்கணக்கில் பேசாத மனிதரைக் கூப்பிட்டார்.

"அண்ணே."

அவர் கெண்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வெறுங்கல்லு ஓட்டாதீங்க. கல்லு செத்துரும். இந்தாங்க, அரிசி. இதப் போட்டு ஓட்டுங்க. மாவு எனக்கு வேணாம், நீங்களே வெச்சிக்குங்க, இல்ல கொட்டிருங்க. உங்ககிட்ட ஒன்னும் கேக்க வரலே. கல்லுக்குள்ள ஏதாச்சும் கெடக்கணும்ண்ணே."

அந்தப் பேசினை வாங்கினால் போதும். கையெழுத்து தானாக வரும். மூன்று கிரைண்டரும் திரும்ப வரும். அக்காவின் முட்டிக்கு ஓய்வு கிடைக்கும். சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பேசின்தான் எல்லாம்.

அவர் நிமிர்ந்து அரிசியைப் பார்த்தார். பிறகு கிரைண்டரைப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார் என்பதைச் சொல்லவேண்டும்.

"ஒன் அரிசிய அரச்சா கல்லு தேஞ்சிரும்" என்றார்.

கல் வெறுமனே கரகரத்துக்கொண்டிருந்தது. அக்கா பேசினைச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் அதைத் தொடவில்லை. நான் கூரையில் ஏறி ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கும்போது மைனாக்கள் பேசினைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. மைனாவையாவது விரட்டாமல் இருந்தாரே என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், அது அவர் அரிசி இல்லை.

அதன்பிறகு வெயில் அடிக்கிற ஒவ்வொரு நடுப்பகலும் அவர் அந்த வெறுங்கல்லுக்குக் காவல் இருந்தார். சத்தத்துக்குப் புகார் கொடுத்த அதே காதோடு. அந்த வழியாகப் போகும்போது பார்ப்பேன். கட்டி வைத்திருந்த நாற்காலிகளில் ஒன்றை உருவிப் போட்டு, பனியனோடு உட்கார்ந்து, சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை பாவம் என்று தோன்றியது. உடனே சரியாகிவிட்டது.

அக்கா பெடோங்குக்கு ஓடிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை மோட்டார்சைக்கிள் சறுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருந்தபோது, மாவுத் தொழிலே முடிந்தது என்று எல்லாரும் நினைத்தோம். பாய்தான் ஆள் வைத்து அரைத்துக் கொடுத்துக் காப்பாற்றினார். அண்ணன் வந்து எட்டிப் பார்க்கவில்லை. நடுப்பகலில் கிரைண்டரை விட்டுவிட்டு எப்படி வருவார்?

அவர் போனது ஒரு மழை நாளில். மேகம் மூடி, இன்வெர்ட்டருக்கும் கிரைண்டருக்கும் வேலை இல்லாத நாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

சாவு வீட்டுக்குப் போனேன். வந்தவர்களுக்கெல்லாம் கோப்பியும் பசியாறலும் அக்காதான். கட்டியிருந்த நாற்காலிகளை யாரோ கயிற்றை அறுத்துப் பரப்பிப் போட்டிருந்தார்கள். கூடாரம் கட்ட வந்தவர்கள் போர்ச்சில் இருந்த அந்த அலுமினிய ஏணியை எடுத்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாரையும் கேட்கவில்லை. வேலை முடிந்து சாத்தி வைத்தபிறகு நான் போய் ஒவ்வொரு படியாகத் தடவிப் பார்த்தேன். தேயவே இல்லை.

ஜொகூரிலிருந்து வந்த மகன் நல்ல மாதிரி. அப்பாவை உரித்துவைத்தது மூக்கு மட்டும்தான். காரியம் முடிந்த கையோடு அக்கா கேட்காமலேயே கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். காரில் ஏறும்போது போர்ச்சைக் காட்டி, "அத்த, இந்தக் கிரைண்டரு இங்க எதுக்குக் கெடக்கு? வேணும்னா நீங்க எடுத்துக்குங்களேன்" என்றார். அந்தக் கிரைண்டர் யாருடையது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. கரண்டு கம்பெனி இன்னும் கம்பியை மாற்றவில்லை, அவசரமும் இல்லை. கூரையில் வெயில் அடிக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, ஆளில்லாத வீட்டில் எடுக்க யாரும் இல்லாததால் வருவது அத்தனையும் நேராகப் பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறது. அங்கே நடுப்பகலில் மூன்று கிரைண்டரும் ஓடுகின்றன.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். அக்கா தோசை ஊற்றிக் கொடுத்தார். மாவு இப்போதெல்லாம் கொஞ்சம் நறநறவென்று இருக்கிறது என்று பெடோங் பாய் குறைப்பட்டுக்கொண்டாராம்.

"கல்லு வெறுமனே ஓடி வழவழன்னு ஆயிருச்சி தம்பி. அந்த ஒரு கிரைண்டருதான். கொத்தக் குடுத்தா செரியாயிரும்."

"குடுக்க வேண்டியதுதானக்கா?"

அக்கா தோசையைத் திருப்பிப் போட்டார். "குடுக்கலாம். எங்கண்ணன் வூட்லேர்ந்து எனக்குன்னு வந்தது அது ஒன்னுதான். கொஞ்ச நாளு அப்படியே கெடக்கட்டும்."

எனக்கு அந்த மனசெல்லாம் கிடையாது. அங்கே சாப்பிடும்போது பல்லில் ஏதாவது நெருடினால், இன்றைக்கும் அவரைத்தான் திட்டுகிறேன்.